தடுப்பூசிக்குப் பின் தைராய்டு அழற்சி

தொண்டை வலி என்று சொல்லிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வருவோருள் மிகச் சிலருக்கு நோய் தொண்டையில் இருப்பதில்லை. வாயைத் திறக்கச் செய்து விளக்கொளியில் பார்த்தால் உள்ளே சிவப்போ சீழோ காணப்படாது. ஆனால் குரல்வளைக்குக் கீழே முன்கழுத்தில் விரல் பட்ட மாத்திரத்தில் நோயாளி முகத்தைச் சுளித்துக் கையைத் தட்டிவிடுவார். வலி அங்கிருந்து கிளம்பித் தாடைக்கும் காதுக்கும் ஏறுகிறது என்பார். எச்சில் விழுங்குவதும் கடினமாயிருக்கிறது என்பார். கூடவே இலேசான காய்ச்சல், மிகுந்த அசதி, நெஞ்சுப் படபடப்பு, விரல்களில் நடுக்கம் ஆகியவையும் இருக்கும். பல் வைத்தியரிடமும் காது வைத்தியரிடமும் சென்று ஒன்றும் புலப்படாமல் திரும்பியவர்கள் இவர்களில் உண்டு. நோய் இருக்குமிடம் தைராய்டு சுரப்பி. அதில் ஏற்பட்டுள்ள அழற்சியே இத்தனை தொல்லைக்கும் காரணம்.

இவ்வழற்சி பெரும்பாலும் சளிக் காய்ச்சல் போன்ற நோய் வந்து நீங்கிய சில வாரங்களில் தோன்றுவது. அரிதாக, தடுப்பூசி போட்டுக்கொண்ட சில நாட்களிலோ வாரங்களிலோ தோன்றியதாகவும் மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் வெளிவந்துள்ளன. கோவிட் தடுப்பூசி உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்ட 2021ஆம் ஆண்டிலிருந்து இக்குறிப்புகளின் தொகை பெருகிற்று. ஊசியினால்தான் இது வந்ததா என்ற வினா மருத்துவரை எட்டுவதற்கு முன்பே, ஊசி போட்ட செவிலியிடமும், ஊரில் படித்தவர் என்று மதிக்கப்படும் பள்ளி ஆசிரியரிடமும் கேட்கப்பட்டுவிடுகிறது. 'ஆம், ஊசியினால்தான்' என்பதும் அவசரமான விடை; 'இல்லவே இல்லை' என்பதும் அவ்வாறே அவசரமானது. இரண்டுக்கும் இடையே அறிவியல் எந்த அளவுக்குச் சென்றிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது களத்தில் பணிபுரிவோர்க்கு அவசியமாகும்.

சுரப்பியும் அதன் சேமிப்பும்

தைராய்டு என்னும் பெயர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கேடயச் சுரப்பி என்று சிலர் வழங்குவதும் அதனை ஒட்டியதே. ஆயினும் பார்வைக்கு அது கேடயத்தைக் காட்டிலும் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியையே பெரிதும் ஒத்திருக்கிறது. வளர்ந்தோரிடம் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம். இச்சிறு உறுப்பு உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய இயக்குநீர்களைச் செய்கிறது. உடலின் வெப்பம், இதயத்தின் வேகம், குடலின் அசைவு, குழந்தைகளின் வளர்ச்சி, மூளையின் முதிர்ச்சி ஆகிய யாவும் அவற்றின் அளவைப் பொறுத்தவை.

உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகளில் தைராய்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தான் செய்த சரக்கை இத்துணைப் பெருமளவில் சேமித்து வைக்கும் சுரப்பி வேறில்லை. அதன் நுண்ணிய பைகளில் கூழ்போன்ற பொருளாக ஓரிரு மாதத்துக்குப் போதுமான இருப்பு எப்பொழுதும் இருந்துகொண்டிருக்கும். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டிய அளவு மட்டும் அன்றாடம் எடுத்துச் செலவிடும் குடும்பத்தைப் போன்றது இது. அழற்சி நேரும்போது குதிரின் சுவர் உடைகிறது. பல வாரங்களுக்கு உரிய நெல் ஒரே சமயத்தில் வெளியே சிந்துகிறது. நோயாளிக்குப் படபடப்பும் நடுக்கமும் உடல் மெலிவும் வருவது இதனால்தான். சுரப்பி அதிகமாக வேலை செய்வதால் அன்று. இவ்வேறுபாடு சிகிச்சைக்கு மிக முக்கியமானதாகலின் பின்னர் மீண்டும் கூறப்படும்.

முன்கழுத்து வீக்கம் என்றால் களப்பணியாளர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அயோடின் குறைவினால் உண்டாகும் கழலையே. இமாலய அடிவாரத்தில் அது பரவலாக இருந்ததும், காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வே. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் தொடங்கிய ஆய்வு அயோடின் கலந்த உப்பின் பயனை நிலைநாட்டியதும், 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதும் இத்துறையினர் அறிந்தவை. அந்தக் கழலை ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது; வலியற்றது. இங்கே பேசப்படும் அழற்சியோ சில நாட்களில் தோன்றுவது, தொட்டால் வலிப்பது, கல்போல் கெட்டியாயிருப்பது. பல வேளைகளில் வலி ஒரு பக்கம் தொடங்கிச் சில நாளில் மறுபக்கத்துக்கு நகர்வதும் உண்டு. வேறு நோய்களில் இவ்வாறு வலி இடம் மாறுவது அரிதாதலால், இதனைக் கேட்டறிவது நன்று.

நோயின் வரலாறு

இந்நோய்க்கு 'டி கெர்வேன் நோய்' என்ற பெயரும் வழங்குகிறது. பிரிட்ஸ் டி கெர்வேன் சுவிட்ஸர்லாந்து நாட்டின் அறுவை மருத்துவர். 1904இல் இதனை விவரித்தார். 1936இல் மேலும் விரிவாக எழுதினார். தம் நாட்டில் அயோடின் கலந்த உப்பு பரவுவதற்கு ஆதரவளித்தவரும் அவரே. நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினால் இந்நோயுற்ற சுரப்பியில் உடைந்த பைகளும், அவற்றைச் சூழ்ந்து பல உட்கருக்களைக் கொண்ட பேரணுக்களும் காணப்படுகின்றன. சீழ் இராது. ஆகையால் பாக்டீரியா நேரடியாக நுழைந்து உண்டாக்கும் சீழ் அழற்சி வேறு, இது வேறு. பின்னதற்குப் பெனிசிலின் முதலிய மருந்துகளால் யாதொரு பயனும் இல்லை.

வைரஸ்களுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்துக்கு வலுவான சான்று இஸ்ரேலிலிருந்து கிடைத்தது. அங்கே பொன்னுக்கு வீங்கி பரவியிருந்த காலத்தில், கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீங்காமலே தைராய்டு மட்டும் அழற்சியுற்ற நோயாளிகள் காணப்பட்டனர். அவர்களுடைய இரத்தத்தில் பொன்னுக்கு வீங்கி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. தைராய்டுத் திசுவிலிருந்தே அவ்வைரஸைப் பிரித்தெடுக்கவும் முடிந்தது. இந்த ஆய்வு 1957இல் வெளிவந்தது. அதன் பின்னர் இன்புளுயன்சா, காக்ஸாக்கி, அடினோ முதலிய வேறு வைரஸ்களும் ஐயப் பட்டியலில் சேர்ந்தன. 2020ஆம் ஆண்டில் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள், கோவிட் நோய்க்குப் பின் இவ்வழற்சி கண்ட 18 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினர். அப்போது கோவிட் தடுப்பூசி மக்களுக்குப் போடப்படவே தொடங்கவில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நோய் முற்றிலும் கிருமியின் வேலையும் அன்று. எச்.எல்.ஏ. பி-35 என்னும் மரபுக்குறி, மக்களில் சிறுபான்மையோரிடமே உள்ளது. இந்நோயுற்றோரிலோ மூன்றில் இரு பங்கினரிடம் காணப்படுகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது பன்மடங்கு மிகுதி. அதிலும் 30 முதல் 50 வயதுக்கு உட்பட்டோரே பெரும்பாலோர். குழந்தைகளிடம் மிக மிக அரிது. ஆகையால் பள்ளியில் தடுப்பூசி போடும் நாளன்று இந்நோயை எண்ணி ஆசிரியர் அஞ்சுவதற்கு இடமில்லை.

தைராய்டு அழற்சியின் போக்கு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. முதல் சில வாரங்கள் சிந்திய இயக்குநீரின் மிகுதியால் படபடப்பும் மெலிவும் உண்டாகும். பின்னர் இருப்புத் தீர்ந்து, புண்பட்ட சுரப்பி இன்னும் வேலையைத் தொடங்காத நிலையில், சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகிய எதிர்மாறான குறிகள் சிலருக்குத் தோன்றிச் சில மாதங்கள் நீடிக்கும். பெரும்பாலோர் முடிவில் முழுக் குணமடைகின்றனர். எல்லோரும் அல்லர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 1970 முதல் 1997 வரை கண்டறியப்பட்ட நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தபோது, நூற்றுக்கு 15 பேருக்குத் தைராய்டுக் குறைவு நிலைத்துவிட்டது தெரிந்தது.

கண்டறியும் முறை கடினமன்று. இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், அதாவது ஈ.எஸ்.ஆர்., மிக உயர்ந்திருக்கும். மணிக்கு 50 மில்லிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம், 100ஐக் கடப்பதும் உண்டு. தைராக்சின் கூடியும், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் டி.எஸ்.எச். குறைந்தும் இருக்கும். கதிரியக்க அயோடினைச் சிறிதளவு கொடுத்து அளந்தால், 24 மணி நேரத்தில் சுரப்பி ஏற்கும் பங்கு நூற்றுக்கு 5க்கும் குறைவாயிருக்கும். சுரப்பியே மிகையாக உழைக்கும் கிரேவ்ஸ் நோயில் இவ்வளவு மிக உயர்வாயிருக்கும்.

மேலே சொல்லப்பட்ட குதிர் உவமையின் பயன் இவ்விடத்தில் விளங்கும். இரத்தத்தில் தைராக்சின் கூடியிருப்பதை மட்டும் பார்த்துக் கிரேவ்ஸ் நோய் என்று முடிவு செய்து, தைராக்சின் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் கொடுப்பது ஒரு பிழை. உற்பத்தி ஏற்கெனவே நின்றுபோயிருக்கும் சுரப்பிக்கு உற்பத்தித் தடை எதற்கு? பயனின்மையோடு தீங்கும் உண்டு. அம்மருந்து மிகச் சிலருக்கு வெள்ளணுக்களைத் திடீரெனக் குறைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும். டி கெர்வேன் நோய்க்கு வேண்டியது ஆஸ்பிரின் போன்ற வலி நீக்கி. அதற்கு அடங்காவிடில் பிரெட்னிசோலோன். பின்னது கொடுத்த ஓரிரு நாளிலேயே வலி வியக்கத்தக்க வகையில் தணிகிறது. படபடப்புக்குச் சில வாரங்கள் புரோப்ரனலால் கொடுப்பர். பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தலாகாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை யாவும் மருத்துவரின் பொறுப்பு. கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் அல்ல.

ஊசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு

கோவிட் காலத்துக்கு முன்பே இன்புளுயன்சாத் தடுப்பூசிக்குப் பின் இவ்வழற்சி கண்டதாகத் தைவான், ஆஸ்திரேலியா, ஸ்பெயின், துருக்கி முதலிய நாடுகளிலிருந்து தனித்தனிக் குறிப்புகள் வெளிவந்தன. கல்லீரல் அழற்சி 'பி' வகைத் தடுப்பூசிக்குப் பின்னும் அவ்வாறு ஒரு குறிப்பு உண்டு. 2021இல் துருக்கி மருத்துவர்கள், சீனாவில் செய்யப்பட்ட செயலிழந்த வைரஸ் தடுப்பூசி பெற்ற மூன்று பெண் சுகாதார ஊழியரிடம் இந்நோய் கண்டதை வெளியிட்டனர். பிற நாடுகளிலிருந்து, ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளுக்குப் பின்னும், அடினோ வைரஸைத் தாங்கியாகக் கொண்ட தடுப்பூசிகளுக்குப் பின்னும் ஏற்பட்டவை தொடர்ந்து வெளிவந்தன. வலி, நடுக்கம், உயர்ந்த ஈ.எஸ்.ஆர். எல்லாம் சாதாரண டி கெர்வேன் நோயைப் போன்றே இருந்தன. பெரும்பாலோர் அவ்வாறே குணமும் அடைந்தனர்.

ஊசி எவ்வாறு சுரப்பியைத் தாக்கக்கூடும் என்பதற்குப் பல கருத்துகள் கூறப்படுகின்றன. தடுப்பூசியின் ஆற்றலைப் பெருக்குவதற்காகச் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு முதலிய துணைப்பொருள்களே சிலரின் எதிர்ப்புச் சக்தியைத் தன் உடலுக்கு எதிராகத் திருப்பிவிடுகின்றன என்பது ஒன்று. இஸ்ரேலிய மருத்துவர் எகுடா ஷோயன்பெல்ட் 2011இல் சக ஆராய்ச்சியாளருடன் வெளியிட்ட கருத்து இது. ஆனால் ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் அலுமினிய உப்பு இல்லை. இந்தியாவில் பெருமளவில் போடப்பட்ட கோவிஷீல்டிலும் இல்லை. ஆண்டுதோறும் போடப்படும் இன்புளுயன்சாத் தடுப்பூசிகள் பெரும்பாலானவற்றிலும் இல்லை. அவ்வாறிருக்க, அலுமினியத்தின்மேல் மட்டும் பழியைப் போடுவது பொருந்துவதாகத் தோன்றவில்லை.

கோவிட் வைரஸின் முட்புரதத்தில் சில பகுதிகள் தைராய்டுப் புரதங்களை ஒத்திருப்பதால், ஒன்றுக்கென உண்டான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் தாக்கலாம் என்பது வேறொரு கருத்து. சோதனைச் சாலையில் இதற்குச் சிறிது ஆதரவு கிடைத்துள்ளது. எனினும், முட்புரதம் இல்லாத இன்புளுயன்சாத் தடுப்பூசிக்குப் பின் நேர்ந்தவற்றை இது விளக்காது. ஊசி எதுவாயினும் எதிர்ப்புச் சக்தி சில நாட்கள் கிளர்ந்தெழுகிறது, எச்.எல்.ஏ. பி-35 போன்ற மரபுக்குறி உடையோரிடம் அக்கிளர்ச்சி தைராய்டில் சென்று தங்கக்கூடும் என்பதே இவற்றுள் ஓரளவு பொருத்தமான விளக்கம். நிரூபிக்கப்பட்ட முடிவு என்று இதனையும் கூறிவிட முடியாது.

அடுத்து, கணக்கு. ஓம்ஸ்டெட் மாவட்டத்து ஆய்வின்படி இந்நோய் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேரில் 4.9 பேருக்குக் காணப்பட்டது. இந்திய நிலை அதனின் வேறுபடலாம். ஆயினும் கணக்கின் தன்மையை விளக்குவதற்கு இவ்வெண் போதும். பத்து இலட்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, ஊசி ஏதும் போடாமல், ஆறு வாரம் கவனித்து வந்தால் அவர்களுள் ஐந்தாறு பேருக்கு இந்நோய் வந்தே தீரும். நூறு கோடிப் பேரைக் கவனித்தால் அதே ஆறு வாரத்தில் சுமார் 5,600 பேருக்கு வரும். இந்தியாவில் 2021 ஜனவரி 16ஆம் நாள் தொடங்கிய கோவிட் தடுப்பூசி இயக்கத்தில், 2022 ஜூலை 17 அன்று 200 கோடித் தவணை நிறைவுற்றது. ஊசிக்கும் நோய்க்கும் எள்ளளவும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் நோயுற்றோர் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர் என்பது இதனால் பெறப்படும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் தம் அனுபவம் ஐயத்துக்கு இடமற்றதாகவே தோன்றும். ஊசி போட்டார்கள், வலி வந்தது! காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அதனை எள்ளி நகையாடுவது முறையன்று. நோயாளியின் வலி மெய்யானது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தடுப்பூசிகள் பெருமளவில் போடப்பட்ட 2021இல் கோவிட் நோயும் உச்சத்தில் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ள வந்தோரில் சிலர், அறிகுறியில்லாமலே அந்நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். அவர்களிடம் பின்னர் தோன்றிய தைராய்டு அழற்சிக்கு ஊசி காரணமா, நோயே காரணமா என்று பிரித்தறிவது எளிதன்று.

அப்படியானால் எல்லாம் தற்செயல் என்று தள்ளிவிடலாமா? தள்ளக்கூடாது என்பதற்கு 1999இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது தக்க சான்று. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஒன்று 1998 ஆகஸ்டில் அங்கு அனுமதி பெற்றது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நோய், ஊசிகளோடு தொடர்பின்றி எங்கும் குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனால் அத்தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளிடம் அது கண்டதாக 15 குறிப்புகள் சேர்ந்தவுடன் அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். 1999 ஜூலையில் மருந்து நிறுத்திவைக்கப்பட்டது. அக்டோபரில் முற்றிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐயம் உண்மையென்று பின்னர் ஆய்வுகள் காட்டின. முதல் தவணைக்குப் பின் மூன்றாம் நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் நோய் குவிந்திருந்ததே உறுதியான சான்றாயிற்று. அதற்குப் பிறகு அமெரிக்காவில் வந்த வேறு ரோட்டாத் தடுப்பு மருந்துகள் ஒவ்வொன்றும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டே அனுமதி பெற்றன.

அந்த 15 குறிப்புகளையும் அனுப்பியவர்கள் காரணம் இன்னதென்று தீர்மானித்துவிட்டு அனுப்பவில்லை. மருந்து கொடுத்த நாளையும் நோய் கண்ட நாளையும் எழுதி அனுப்பினார்கள். தைராய்டு அழற்சி விஷயத்திலும் அதுவே தேவை. ஊசிக்குத் தொடர்பில்லையெனில் நோயுற்ற நாட்கள் ஊசிக்கு முன்னும் பின்னும் எல்லா வாரங்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரந்திருக்கும். தொடர்பு உண்டெனில் ஊசிக்குப் பிந்திய முதற் சில வாரங்களில் குவியும். பத்து இலட்சம் பேரில் ஆறு வாரத்துக்கு ஆறு பேர் என்பது பன்னிரண்டாக உயர்ந்தாலும், எந்தத் தனி மருத்துவரும் எந்தச் செவிலியும் தம் அனுபவத்தைக் கொண்டு அதனை உணர முடியாது. திரட்டப்பட்ட பதிவேடு ஒன்றினால்தான் உணர முடியும். ஊசி போட்ட மறுவாரம் வந்த நோயை மட்டும் எழுதி, ஐந்தாம் மாதத்தில் வந்ததை எழுதாமல் விட்டால் அப்பதிவேடு இல்லாத குவியலை இருப்பதாகக் காட்டும். மருத்துவ ஏடுகளில் வெளியான தனிக் குறிப்புகளைக் கொண்டு நோயின் வீதத்தைக் கணக்கிடலாகாது என்று அறிஞர் கூறுவதற்கும் இதுவே காரணம்.

களத்தில் செய்யத்தக்கவை

'தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதக நிகழ்வு' என்ற தொடர் அலுவலகப் படிவங்களில் அடிக்கடி காணப்படுவது. தடுப்பூசிக்குப் 'பின்' என்றுதான் அதில் இருக்கிறது; தடுப்பூசி 'யினால்' என்று இல்லை. இச்சொல் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணத்தோடு தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசிக்குப் பின் நேர்ந்த எந்த மருத்துவ நிகழ்ச்சியும் அதில் அடங்கும். எனவே படிவத்தை நிரப்பும் ஊழியர், ஊசியைக் குற்றவாளியாக்குவதாகவோ தம் பணியில் குறை கண்டதாகவோ எண்ணித் தயங்க வேண்டியதில்லை. காரணத்தை ஆய்ந்து வகைப்படுத்துவது அதற்கென அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவின் வேலை. உலகச் சுகாதார நிறுவனத்தின் முறையில், காலத் தொடர்பு பொருந்தியும் போதிய சான்று இல்லாதவற்றுக்கென்றே 'தீர்மானிக்க இயலாதது' என்ற தனி வகுப்பு உண்டு. தைராய்டு அழற்சியைக் குறித்த அறிக்கைகள் பல அந்த வகுப்புக்கே ஏற்றவை.

நோயாளியிடம் கேட்க வேண்டியவை சில. எந்த ஊசி, எத்தனையாவது தவணை, எந்தத் தேதி என்பதோடு மருந்துச் சிமிழின் தொகுதி எண்ணும் வேண்டும். கழுத்து வலி முதன்முதல் தெரிந்த நாள் எது? 'ஊசி போட்டதிலிருந்து' என்ற விடையை அப்படியே எழுதிக்கொள்ளாமல், சந்தை நாள், திருவிழா, சம்பள நாள் போன்ற ஏதேனும் ஒன்றை நினைவூட்டித் தேதியை உறுதி செய்துகொள்வது நல்லது. அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் சளி, காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி வந்ததா, வீட்டில் வேறு யாருக்கேனும் வந்ததா என்றும் கேட்க வேண்டும். இக்கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. விடுபட்டால் மற்றவை யாவும் எழுதியும் பயன் குறைவு. முன்பே தைராய்டு நோய் உண்டா என்பதையும், கர்ப்பிணியா, அண்மையில் பிரசவித்தவரா என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் வலியற்ற தைராய்டு அழற்சி தோன்றுவது வேறொரு நோயாகும்.

நோயாளியை மருத்துவ அதிகாரியிடம் அனுப்புவதில் தாமதம் கூடாது. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், ஒரே இடத்தில் பலருக்கு நேர்ந்தாலும், ஊரில் பெருங்கவலை எழுந்தாலும் செய்தி உடனே மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குச் செல்ல வேண்டும். கழுத்து சிவந்து, காய்ச்சல் மிகுந்து, மூச்சு முட்டினால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அதற்கு அன்றே மருத்துவமனை வேண்டும்.

நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சொல்லத்தக்கது நீண்ட உரையன்று. இந்நோய் அறியப்பட்டது, சிகிச்சை உண்டு, பெரும்பாலோர் குணமடைகின்றனர், ஊசிக்குத் தொடர்பு இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம், அதனை ஆராய்வதற்காகவே விவரம் எழுதப்படுகிறது: இவ்வளவும் மெய், இதற்கு மேல் உறுதி கூறுவது மெய்யாகாது. மறைத்துச் சமாதானம் சொல்லப்பட்ட குடும்பம் அடுத்த முறை குழந்தையின் அம்மை ஊசிக்கும் கதவைச் சாத்திவிடும். அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால், அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியக்கூடும்.

அடுத்த தவணை பற்றிய கேள்வி கட்டாயம் எழும். முதல் தவணைக்குப் பின் அழற்சி கண்டவர்களில், மறு தவணை பெற்றும் ஒன்றும் நேராதவர்கள் உண்டு. மீண்டும் நோயுற்றவர்களும் உண்டு. ஆகையால் பொதுவிதி கூறுவதற்கில்லை. நோய் தணியும் வரை காத்திருந்து, அந்தத் தடுப்பூசி காக்கும் நோயின் கடுமையையும், நோயாளியின் வயதையும் பிற நோய்களையும் எடை போட்டு மருத்துவர் முடிவு செய்வார். ஒரு தடுப்பூசிக்குப் பின் இவ்வாறு நேர்ந்தது என்பதற்காக மற்றெல்லாத் தடுப்பூசிகளையும் மறுப்பதற்குச் சான்று ஏதுமில்லை.

கழுத்து வலி நின்றவுடன் நோயாளி சுகாதார நிலையத்தை மறந்துவிடுவது இயல்பு. சுரப்பியின் குறைவுக் காலம் தொடங்குவதோ அதற்குப் பின்னர்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்து, அது சீரான பின்னும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வருவது வழக்கம். கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களிடம் இதனை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தாயின் தைராக்சின் குறைவு கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடல் பருத்தல், குரல் தடித்தல், மாதவிலக்கு மாறுதல், ஓயாத தூக்கம் ஆகியவை ஆறாம் மாதத்தில் தோன்றினாலும், அவையும் முதலில் எழுதிய அதே பதிவேட்டில், அதே பெயருக்கு எதிரே, தேதியுடன் சேர்க்கத் தக்கவை.